வெயில் நாளில் காய்ச்சிய இரும்பு: குறைந்த எண் ஸ்ப்ரிங்ஃபீல்டு 1903, ஒரு நிகழ்வு ஆய்வு

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, நண்பர் ஒருவர் நீளமான துணிப்பை ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். ஒஹாயோவில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருப்பவர், சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம், என்னைவிட எட்டு வயது சின்னவர். பழைய ராணுவ ரைஃபிள் சேர்க்கிற கிறுக்கு என்னிடமிருந்து அவருக்குத் தொற்றி ஒரு வருடம் ஆகியிருக்கும். கல்லூரி என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளைத் தொட்டதோடு சரி என்றிருந்த மனிதர், இப்போது துப்பாக்கிக் கண்காட்சி எந்த ஊரில் நடந்தாலும் காரை எடுத்துவிடுகிறார்.

“அண்ணே, ஒரு பெரியவர்கிட்ட வாங்கினேன். எண்ணூறு டாலர். ஏமாந்துட்டேனான்னு பாருங்க. நாளைக்கு ரேஞ்சுக்குப் போலாம், ரெண்டு பெட்டி தோட்டாகூட வாங்கியாச்சு.”

ஏமாறவில்லை. பைக்குள்ளிருந்து வந்தது ஸ்ப்ரிங்ஃபீல்டு 1903. வழக்கம்போல முதலில் போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்துக்கொண்டேன். அப்புறம்தான் ரசிக்க ஆரம்பித்தேன். வால்நட் கட்டை, நூறு வருடத்து ஆளிவிதை எண்ணெய் ஊறிக் கறுத்த தேன் நிறத்தில் இருந்தது. பிடிக்கிற இடம் மட்டும் எத்தனையோ உள்ளங்கை பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுத்தால், பழைய வீட்டுத் தேக்குக் கதவின் தாழ்ப்பாள் மாதிரி, தடுக்கவும் இல்லை, ஆடவும் இல்லை. இடது பக்கம் சின்னதாக ஒரு நெம்பு உண்டு. அதை அணைத்துவிட்டால் பெட்டியில் இருக்கும் ஐந்து தோட்டாவும் அவசரத்துக்கென்று அப்படியே இருக்கும், சிப்பாய் ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட வேண்டும். தோட்டாவை வீணடிப்பான் என்று சிப்பாயை நம்பாத அதிகாரிகளின் காலம் அது. பின்பக்கக் குறிகாட்டியைத் தூக்கினால் இரண்டாயிரம் கஜத்தையும் தாண்டி அளவு போட்டிருக்கிறது. அந்தத் தூரத்தில் இருக்கிற மனிதன் கண்ணுக்கே தெரியமாட்டான், ஆனால் கோடு போட்டிருக்கிறார்கள்.

பிறகு ரிசீவரின் நெற்றியைப் படித்தேன். ரிசீவர் என்பது நடு உடல். குழல் முன்னாலிருந்து அதில் திருகி நிற்கும், போல்ட் பின்னாலிருந்து அதற்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். யு.எஸ்., ராக் ஐலண்ட் ஆர்சனல், மாடல் 1903, அதற்குக் கீழே எண். எண் 2,58,000-த்துச் சொச்சம்.

“தம்பி, நாளைக்கு ரேஞ்சுக்குப் போறோம். ஆனா இதை எடுத்துட்டுப் போகலை” என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், விஷயத்தை ஒழுங்காக எழுதியே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. அதுதான் இது.

ரைஃபிளின் பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1898-ல் கியூபாவில் ஸ்பானியப் படையின் ஜெர்மன் மவுசர் ரைஃபிள்களிடம் அமெரிக்கர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு அவர்கள் தங்களுக்கென்று செய்துகொண்ட ரைஃபிள் இது. செய்துகொண்டது என்பதைவிட மவுசரைப் பார்த்து எழுதியது என்றால் பொருத்தம். கடைசியில் மவுசர் நிறுவனத்துக்கு உரிமைத் தொகையாக 2,00,000 டாலர் கட்ட வேண்டியிருந்தது. முதலில் குழலுக்கு அடியில் கம்பி மாதிரி இழுத்து நீட்டுகிற ஒரு துப்பாக்கி ஈட்டி வைத்தார்கள். 1905 ஜனவரியில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், இவ்வளவு மட்டமான கண்டுபிடிப்பை நான் பார்த்ததில்லை என்கிற தொனியில் கடிதம் எழுதியதும் அதைக் கழற்றிவிட்டு ஒழுங்கான கத்தி ஈட்டிக்கு மாறினார்கள். 1906-ல் புதிய தோட்டா வந்தது. இன்றுவரை அமெரிக்க வேட்டைக்காரர்கள் வாங்கிக்கொண்டிருக்கும் .30-06 அதுதான். ரைஃபிளைச் செய்த அரசுத் தொழிற்சாலைகள் இரண்டு: மாசசூசெட்ஸில் ஸ்ப்ரிங்ஃபீல்டு, இல்லினாயில் ராக் ஐலண்ட்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா உலகப் போருக்குள் இறங்கியது. அந்தக் கோடையிலேயே ரிசீவர்கள் உடையத் தொடங்கின.

உடைந்தன என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. நல்ல எஃகில் செய்த பொருள் தாங்கமுடியாத அழுத்தத்துக்கு ஆளானால் முதலில் வீங்கும், வளையும், கிழியும். இவை மண்சட்டி கீழே விழுந்த மாதிரி துண்டு துண்டாகச் சிதறின. சுடுகிறவனின் கன்னம் கட்டைமேல் இருக்கிறது, கண் ரிசீவருக்குச் சில அங்குலம் பின்னால். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

விசாரித்ததில் முதலில் மாட்டியது தோட்டாதான். போர் அவசரத்தில் தனியார் நிறுவனங்களும் தோட்டா செய்ய இறங்கியிருந்தன, அவற்றில் ஒன்றின் சரக்கில் பித்தளைக் கூட்டின் அடிப்பாகம் சரியான கடினம் இல்லாமல் மெத்தென்று போயிருந்தது. சுடும்போது .30-06 தோட்டாவுக்குள் சதுர அங்குலத்துக்குச் சுமார் 50,000 பவுண்டு அழுத்தம் உண்டாகும். அந்த வாயுவைப் பின்பக்கம் வரவிடாமல் அடைத்து வைப்பது இந்த மெல்லிய பித்தளை ஒன்றுதான். அது பிளந்தால் வாயு நேராக ரிசீவருக்குள் பாய்ந்துவிடும்.

இங்கே 1903-இன் வடிவமைப்பிலும் ஒரு கை இருக்கிறது. அதன் குழலின் பின்வாயைப் புனல் மாதிரிச் சரித்து வெட்டியிருப்பார்கள். தோட்டா தட்டாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போவதற்காக. அந்த ரைஃபிளில் தோட்டா ஊட்டப்படும்போது கைக்குத் தெரிகிற சொகுசு இதனால்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் புனல் வெட்டினால் என்ன ஆகும்? பித்தளைக் கூட்டின் பின்முனை கொஞ்சம் குழலுக்கு வெளியே, சுற்றிலும் எஃகின் பிடிமானம் இல்லாமல், அந்தரத்தில் நிற்கும். பலவீனமான பித்தளை பிளப்பதற்கு இதைவிடத் தோதான இடம் வேண்டாம்.

சரி, பித்தளை மோசம், புனல் மோசம். அப்படியே இருந்தாலும் வாயு பாய்ந்தால் ரிசீவர் வீங்கிக் கெட்டுப்போக வேண்டும், சிதறக் கூடாது. அப்படியானால் எஃகிலேயே ஏதோ இருக்கிறது. உடைந்த துண்டுகளைப் பார்த்தபோது உள்ளே கரடுமுரடான பெரும்பெரும் படிக மணிகள் தெரிந்தன. எஃகு எரிந்துபோயிருந்தது. கொல்லர்கள் சொல்வார்களே, இரும்பு செத்துப்போச்சு என்று, அதேதான். தேவைக்கு மேல் சூடேறிய எஃகில் மணிகள் பெருத்து, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பலம் போய்விடும். சோதனைக்கென்று சில ரிசீவர்களைச் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு தட்டியபோது அவையும் உடைந்தன. இத்தனைக்கும் அதிக அழுத்தத் தோட்டா போட்டுச் சுட்டுப் பார்த்து, தேறியதற்கு முத்திரை வாங்கி வெளியே வந்த ரிசீவர்கள் அவை.

ஏன் எரிந்தது என்கிற இடம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

அதுவரை ஸ்ப்ரிங்ஃபீல்டில் சூட்டை அளந்தது அனுபவசாலிகளின் கண். உலையிலிருந்து எடுத்த இரும்பின் நிறத்தைப் பார்த்து, செம்மஞ்சளா, இன்னும் வெளுத்த மஞ்சளா என்று பார்த்து, பதம் வந்துவிட்டது என்று முடிவு செய்வார்கள். இருபது முப்பது வருடம் அதே வேலை பார்த்த கைகள், யாரும் குறை சொல்ல முடியாது. 1917-ல் விபத்துகளுக்குப் பிறகு வெப்பமானி வைத்து அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: அதே ஆள், அதே உலை, அதே ‘சரியான பதம்’, மூட்டமான நாளில் இருந்ததைவிட வெயில் நன்றாக அடித்த நாளில் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் கூடுதலாக இருந்தது. சன்னல் வழியாக வெளிச்சம் கொட்டும்போது காய்ந்த இரும்பு கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். இன்னும் பதம் வரவில்லை என்று மேலும் கொஞ்சம் காய்ச்சுவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

இதைப் படித்தபோது எனக்குச் சின்ன வயதில் பார்த்த ஒரு காட்சி உடனே நினைவுக்கு வந்தது. தாத்தா ஊரில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த ஆசாரி, அரிவாளுக்குத் துவைச்சல் போடுகிற நேரம் வந்தால் மட்டும் சாக்குப் படுதாவை இறக்கிவிட்டுவிடுவார். பட்டறை கும்மிருட்டாகிவிடும், துருத்தி ஊதும் பையனின் பல் மட்டும் தெரியும். “ஏன் தாத்தா இருட்டாக்குறீங்க?” என்று கேட்டதற்கு, “வெளிச்சத்துல இரும்பு பொய் சொல்லும்டா” என்றார். அவர் ஸ்ப்ரிங்ஃபீல்டைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அங்கே என்ன கோளாறு என்றால், சூட்டை அளக்கும் வேலையைக் கண்ணிடம் கொடுத்துவிட்டு, அந்தக் கண்ணுக்கு வேண்டிய இருட்டைக் கொடுக்காமல் விட்டது. பெரிய தொழிற்சாலை, உயரமான சன்னல்கள், நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிற உற்பத்தி.

ராக் ஐலண்டில் நிலைமை இன்னொரு விதம். 1913-க்குப் பிறகு சில வருடங்கள் அங்கே ரைஃபிள் உற்பத்தியே நிறுத்தப்பட்டிருந்தது. 1917-ல் போருக்காக மறுபடி ஆரம்பித்தார்கள். பழைய ஆட்கள் அத்தனை பேரும் நாலு வருடம் வேலையில்லாமல் வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கவா செய்வார்கள்? நண்பரின் 2,58,000-த்துச் சொச்சம் இப்படி மறுபடி ஆரம்பித்த பிறகு வந்த எண்.

கண்டுபிடித்ததும் வேலையை நிறுத்தி, முறையை மாற்றினார்கள். பழைய முறையில் குறைந்த கரி உள்ள எஃகை எலும்புக்கரியில் புதைத்துக் காய்ச்சி, மேல்தோலில் கரி ஏறியதும் எண்ணெயில் தோய்ப்பார்கள், ஒரே தரம்தான். புதிய முறையில் அதற்குப் பிறகு குறைந்த சூட்டில் இன்னொரு தரம் காய்ச்சித் தோய்த்து, கடைசியில் லேசான சூட்டில் வைத்து இறுக்கம் தளர்த்துவார்கள். தோல் கடினம், உள்ளே இளக்கம். இரட்டைப் பதம் என்று வைத்துக்கொள்ளலாம். சூட்டை அளக்கக் கண்ணுக்குப் பதில் வெப்பமானி வந்தது. ஸ்ப்ரிங்ஃபீல்டில் 1918 பிப்ரவரியில், ஏறத்தாழ 8,00,000 என்ற எண்ணில் இந்த மாற்றம் வந்தது. ராக் ஐலண்டில் அதே ஆண்டு மே மாதம், எண் 2,85,507-ல். பிறகு நிக்கல் எஃகும் வந்தது, ஸ்ப்ரிங்ஃபீல்டில் அது 1927 வரை தாமதமானது. சேகரிப்பாளர்கள் ‘குறைந்த எண்’ என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவது இந்த இரண்டு எண்களுக்குக் கீழே இருப்பவற்றைத்தான். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 10,85,000 ரைஃபிள்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். நண்பர் உடனே இதைத்தான் பிடித்துக்கொண்டார். பின்னாளில் மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்ற ஜூலியன் ஹேட்சர் என்கிற ஆயுதத் துறை அதிகாரி, 1917 முதல் 1929 வரையிலான விபத்துப் பதிவுகளைத் தோண்டியெடுத்து வரிசையாக வெளியிட்டிருக்கிறார். அதில் ரிசீவர் வெடித்துச் சிதறியதாக இருப்பவை 68.

“பத்து லட்சத்துக்கு அறுபத்தெட்டா? அண்ணே, நீங்க தினமும் ஹைவேல கார் ஓட்டுறீங்க.”

நியாயமான கேள்விதான். அந்த 68-ம் குறைந்த எண்தான் என்றே வைத்துக்கொண்டாலும் சுமார் 16,000 ரைஃபிளுக்கு ஒன்று. ஆனால் அந்தப் பட்டியலை வெறும் எண்ணிக்கையாகப் பார்க்காமல், ஒவ்வொன்றிலும் எது தொடங்கி வைத்தது என்று பார்த்துக்கொண்டே போனால் வேறு ஒன்று தெரியும். ஒன்றில் மெத்தென்ற பித்தளை. இன்னொன்றில் குழலுக்குள் எதுவோ அடைத்திருக்கிறது. வேறொன்றில் போரிலிருந்து கொண்டுவந்த ஜெர்மன் 7.92 தோட்டாவை யாரோ .30-06 அறையில் போட்டுச் சுட்டிருக்கிறார்கள். நீளம் குறைவு என்பதால் அது உள்ளே போய்விடும், ஆனால் குண்டு குழலைவிடப் பருமன். 1921 தேசியப் போட்டிக்கு வந்த தோட்டாக்களின் கதை தனி. அவற்றின் குண்டுகளுக்கு வெள்ளீயம் பூசியிருந்தார்கள், அது நாள்பட்டதும் கூட்டின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. அன்றைய போட்டியாளர்களுக்குக் குண்டின் மேல் கிரீஸ் தடவுகிற பழக்கம் வேறு. கிரீஸ் கழுத்து விரிய இடம் கொடுக்காது, குண்டு நகராது, அழுத்தம் எகிறும்.

அதாவது, செத்த இரும்பாக இருந்தாலும் ஒழுங்கான தோட்டா போடும்வரை அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். ஆயிரம் குண்டு, ஐயாயிரம் குண்டு. குழல் தேய்ந்து, புதுக்குழல் மாட்டி, அதுவும் தேயும். என்றைக்கு ஒரு பித்தளை பிளக்கிறதோ அன்றைக்குத்தான் இரும்பின் குணம் தெரியும். அதனால்தான், “நூறு வருஷமா சுட்டும் ஒண்ணும் ஆகலையே, விக்கிறவரோட தாத்தா நாப்பது வருஷம் மான் வேட்டையாடியிருக்காரே” என்கிற வாதம் இதில் எடுபடாது. அந்தத் தாத்தாவுக்குக் கெட்ட தோட்டா ஒன்று மாட்டவில்லை என்பதைத் தவிர அதிலிருந்து வேறொன்றும் தெரியாது. நெடுஞ்சாலை உதாரணமும் அவ்வளவு பொருந்தவில்லை. காரில் சீட் பெல்ட் இருக்கிறது. இந்த ரைஃபிளில் சீட் பெல்ட்டாக இருக்க வேண்டியதே ரிசீவர்தான்.

ராணுவமே இதில் என்ன முடிவெடுத்தது என்று பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். 1927-ல் அதிகாரிகள் குழு ஒன்றைப் போட்டு, பழைய ரிசீவர்களை மறுபடி காய்ச்சிப் பதப்படுத்திச் சரிசெய்துவிடலாமா என்று பார்த்தார்கள். பலன் நம்பும்படி இல்லை. எரிந்த எஃகைப் பதம் போட்டுத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கருகின தோசையை மறுபடி கல்லில் போட்டு என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் திரும்பப் பெறச் சொன்னது குழு. ஆனால் 1928 பிப்ரவரியில் ஆயுதத் துறையின் ஜெனரல் ஹாஃப் எழுதிய முடிவு வேறு மாதிரி இருந்தது. கிடங்கில் இருப்பவற்றை இனிமேல் கொடுக்க வேண்டாம், போருக்கான கையிருப்பாகத் தனியே வைக்கலாம். படைகளின் கையில் இருப்பவற்றை மட்டும் இதற்காகவென்று பிடுங்க வேண்டியதில்லை, வேறு காரணத்தால் பழுதுபார்க்க வரும்போது ரிசீவரைக் கழித்துவிடலாம். தோட்டாக்களின் தரம் குறைந்துகொண்டு வருகிறது, விபத்து சற்றுக் கூடவும் செய்யலாம் என்றும் அதே குறிப்பில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கோபப்படுகிறார்கள். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. பத்து லட்சம் ரைஃபிள், பட்ஜெட்டில் காசில்லாத சமாதான காலம், அதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார் ஹாஃப். நாட்டுக்கு எவ்வளவு துணியலாம் என்று அவர் போட்ட கணக்கு அது. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்குச் சுடப் போகிற நாம் அதே கணக்கைக் கடன் வாங்க முடியாது. அந்தச் சிப்பாய்க்கு வேறு ரைஃபிள் இல்லை. நண்பரின் அலமாரியில் இன்னும் மூன்று இருக்கின்றன.

மெரைன் படை இவற்றை வைத்தே காலம் தள்ளியது. 1942-ல் பசிபிக் தீவான குவாடல்கனாலில் இறங்கிய மெரைன்களின் கையில் 1903தான், அதில் குறைந்த எண்களும் இருந்தன. பித்தளை பிளந்தால் வாயு பக்கவாட்டில் வெளியேறட்டும் என்று ரிசீவரின் இடது பக்கம் ஒரு துளை போட்டுக்கொண்டார்கள். ஹேட்சர் துளை என்று அதற்கு அவர் பெயரே நின்றுவிட்டது. 1936 வாக்கில் புதிய ரிசீவர்களில் அது வழக்கமாக வந்தது, பழையவற்றில் பின்னால் துளைத்தார்கள். குறைந்த எண் ரிசீவரில் இந்தத் துளை இருந்தால் மெரைன் கை பட்ட துப்பாக்கியோ என்று சேகரிப்பாளர்கள் கண் மின்னுவார்கள். துளை போட ஒரு டிரில் போதும் என்பதையும் கூடவே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பருடையதில் துளை இல்லை.

அவருடையதில் இருந்தது வேறு ஒன்று, அதுதான் அவரை ஏமாற்றியிருந்தது. குழலின் மூக்கில், முன் குறிகாட்டிக்குப் பின்னால், உற்றுப் பார்த்தால் எஸ்.ஏ. (ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆர்மரி) என்ற எழுத்தும், தீப்பற்றிய குண்டு மாதிரி ஒரு முத்திரையும், அதற்குக் கீழே 3-19 என்றும் அடித்திருக்கிறது. 1919 மார்ச்.

“பத்தொம்பதுன்னு போட்டிருக்கே அண்ணே, அப்ப பதினெட்டுக்கு அப்புறம்தானே? நல்ல இரும்புன்னுதான் வாங்கினேன்.”

பாதி படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பதே எனக்குச் சந்தோஷம். ஆனால் அது குழலின் தேதி. ராக் ஐலண்ட் ரிசீவரில் ஸ்ப்ரிங்ஃபீல்டு குழல் என்றாலே ஒரு தடவை பட்டறைக்குப் போய் வந்த துப்பாக்கி என்று அர்த்தம். போல்ட்டையும் காட்டினேன்: கைப்பிடி நேர்கீழாக இறங்காமல் லேசாகப் பின்னால் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு இரட்டைப் பதம் வந்த பிறகு செய்த போல்ட்டுகளின் அடையாளம். ஆக 1917 வாக்கில் செய்த உடம்பு, 1919-ல் செய்த குழல், அதற்குப் பொருத்தமான போல்ட். மூன்றில் இரண்டு நல்லவை. ஆனால் நம் கண்ணுக்கும் வெடிப்புக்கும் நடுவில் நிற்க வேண்டியது அந்த மூன்றாவது. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ரிசீவரின் நெற்றியை, குழலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்று மத்தியானம் முழுக்க அவர் வழி தேடிக்கொண்டே இருந்தார். கடினம் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தால்? அது தோலைத்தான் அளக்கும். தோல் எல்லாவற்றிலும் கடினம்தான், கோளாறு உள்ளே. காந்தத் துகள் தூவி விரிசல் பார்த்தால்? விரிசல் இருந்தால்தானே தெரியும். எரிந்த எஃகில் உடைகிற நொடிவரை விரிசல் இல்லாமலும் இருக்கலாம். சுத்தியலால் தட்டிப் பார்த்தால்? தட்டலாம். உடைந்தால் எண்ணூறு டாலர் போச்சு, உடையாவிட்டால் அந்தத் தட்டுக்கு உடையவில்லை என்று மட்டும் தெரியும். ஈயக் குண்டு போட்டு, வெடிமருந்தைக் குறைத்து, மெதுவாகச் சுட்டால்? இதை மட்டும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது, பல நிதானமான ஆட்களே அப்படிச் சுடுகிறார்கள். ஆனால் குறைந்த மருந்து என்றால் கூட்டுக்குள் காலியிடம் நிறைய இருக்கும், கைமறதியாக இரண்டு தடவை கொட்டினாலும் வெளியே வழியாது, கண்ணுக்குத் தெரியாது. மருந்து நிரப்புகிறவர் யார், ராத்திரி பதினோரு மணிக்கு அலுவலக அழைப்பில் பேசிக்கொண்டே நிரப்புகிறவர். நான் வேண்டாம் என்றேன். இங்கே அரசு உபரி ரைஃபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கிற சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராமும் இந்த இரண்டு எண்களுக்குக் கீழே இருப்பவற்றைச் சுட வேண்டாம் என்றே எச்சரிக்கிறது.

இதெல்லாம் எனக்கு என்றைக்கும் தெரிந்திருந்த மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன், அது சரியில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் ரேஞ்சில் பக்கத்து மேசைக்காரர் அன்பாக நீட்டிய 1903-ஐ வாங்கி நாற்பது குண்டு சுட்டேன். தோள் வலித்தது, குறி நன்றாக விழுந்தது, போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி எண்ணைப் படிக்க வேண்டும் என்று தோன்றவே மூன்று வருடம் ஆனது. ஸ்ப்ரிங்ஃபீல்டு, 6,40,000-த்துச் சொச்சம். நாற்பதும் ஒழுங்காகப் போனதால் அன்றைக்கு நான் தெரிந்துகொண்டது பூஜ்யம்.

நண்பர் கேட்ட அடுத்த கேள்வி, “அப்ப இதை வித்துடவா?” என்பது. ஏன் விற்க வேண்டும்? இரும்பு செத்திருக்கலாம், சாகாமலும் இருக்கலாம், சொல்ல முடியாது என்பதே இந்த ரைஃபிளின் வரலாறு. கட்டையைத் திருப்பிப் பாருங்கள், விசைக்குப் பின்னால் வட்டத்துக்குள் ஒரு பி. சோதனைச் சுடுதலில் தேறியது என்று குத்திய முத்திரை. உடைந்தவற்றிலும் அந்த முத்திரை இருந்தது. கண்ணால் சூடு அளந்த கடைசித் தலைமுறையின் கைவேலை, அவசரத்தில் திறந்த பட்டறை, பின்னால் வந்த பழுதுபார்ப்பு எல்லாம் அந்த ஒரு துப்பாக்கியிலேயே படிக்கக் கிடக்கின்றன. சுட வேண்டுமென்றால் 1941 முதல் ரெமிங்டன் நிறுவனம் செய்த 1903, எண் 30,00,000-இல் தொடங்குவது, தேடினால் கிடைக்கும். அல்லது முதல் உலகப் போரில் 1903-ஐவிட அதிகமாகவே அமெரிக்கச் சிப்பாய்களின் கையில் இருந்த 1917 என்ஃபீல்டு. அழகில் கொஞ்சம் மட்டம், ஆனால் நிக்கல் எஃகு.

மறுநாள் ரேஞ்சுக்குப் போனோம். இரண்டு பெட்டித் தோட்டாவும் என்னுடைய 1917-இல் போயின. ராக் ஐலண்டுக்காரர் வீட்டிலேயே இருந்தார்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தேன். ரைஃபிள் அலமாரியில் மேல் வரிசையில், எண்ணெய் துடைத்து, போல்ட்டைக் கழற்றித் தனியே ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். விசைக் காப்பில் நூல் கட்டி ஒரு அட்டை தொங்கியது. எண், தேதி, 2,85,507-க்குக் கீழ் என்ற குறிப்பு, சுடக் கூடாது என்று ஆங்கிலத்தில் பெரிதாக. நாளைக்கு நான் இல்லாமல் போனால் இதை யாராவது எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போவார்கள் இல்லையா அண்ணே, அதுக்குத்தான் என்றார். எண்ணை மட்டும் தப்பாக எழுதியிருந்தார், ஒரு எட்டு விட்டுப்போயிருந்தது. பேனா வாங்கித் திருத்திவிட்டு வந்தேன்.